ஏழாயிரம்பண்ணைக்கு வந்த கடல்

இரண்டு நாடுகள் சேர்ந்து கடற்படைத் தளவாடம் செய்யப்போகின்றன என்று பேப்பரில் எப்போது செய்தி வந்தாலும், அன்று காலையே எனக்கு ஒரு போன் வரும். பேசுவது கார்த்தி. எனக்குப் பிறகு எங்கள் பட்டாசு ஆலையில் போர்மேன் ஆனவன்.

"பாய், பேப்பர் பாத்தீகளா? இனிமே கப்பலுக்கு வேண்டியதெல்லாம் நம்ம நாட்டுலயே செய்யப் போறாகளாம். நீங்க அப்பமே செஞ்சீகள்ல, அத எழுதுங்க. புதுசா வந்தவங்ககிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்காங்க."

அவர்கள் நம்பாததில் தப்பே இல்லை. கூட இருந்து பார்த்த எனக்கே சில நாள் சந்தேகம் வரும். ஒரு ஐரோப்பாக் கம்பெனி, ஒரு தீவு நாட்டுக் கடற்படை, எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலை ஆகிய மூன்றும் கைகோர்த்த அந்தப் பெரிய ஒத்துழைப்பு, ஒரு டேங்கர் லாரியில்தான் ஏழாயிரம்பண்ணைக்கு வந்து இறங்கியது. இறங்கிய கொஞ்ச நேரத்தில் அதில் பாதியை எங்கள் ஊர்ப் பெண்கள் குடத்தில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதை எப்படி எடுத்த எடுப்பில் நம்புவது? முறையாகச் சொல்கிறேன்.

நான் விருதுநகர்க்காரன். வாப்பா மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். எனக்கு அந்த நெடி ஆகாது. கடைப்படி ஏறினால் தும்மல், இறங்கினால்தான் நிற்கும். அதனால் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, விஸ்வநத்தத்தில் ஒரு சின்ன ஆலையில் தொழில் பழகி, அப்புறம் ஏழாயிரம்பண்ணை ஆலைக்குப் போர்மேனாகப் போனேன். "வத்தலுக்குப் பயந்து வெடிமருந்துக்குப் போன மகராசன்" என்று வாப்பா கடைசி வரைக்கும் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் என்னை அறிமுகப்படுத்தினார்.

போர்மேன் வேலை என்பது நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு எரிச்சல் உண்டாக்குகிற வேலை. காலையில் கேட்டில் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவோம். செருப்பு வெளியே. அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் தேங்கியிருக்கும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். நைலான் சேலையோடு வந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். தூரத்தில் வரும்போதே நூலா நைலானா என்று சொல்லிவிடுவதால் பெண்கள் எனக்கு 'ஜவுளிக்கடை பாய்' என்று பேர் வைத்திருந்தார்கள். மருந்து என்று எங்கள் ஊரில் சொன்னால் வெடிமருந்துதான். அதை வெயில் ஏறுவதற்குள் சலித்துக் கலந்து முடிக்க வேண்டும். மிச்சம் என்று எதுவும் மறுநாளைக்கு இருக்கக் கூடாது. மேகம் கறுத்து ஒரு உறுமல் கேட்டால் போதும், எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிடுவேன். அப்போது மட்டும் யாரும் என்னைத் திட்ட மாட்டார்கள்.

இனி முதலாளி. பெருமாள்சாமி அண்ணாச்சி பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம். மழை பொய்த்த கரிசலில் பருத்தி போட்டுப் போட்டுச் சலித்து, அதே நிலத்தில் ஆலை கட்டினார். அவர் யாரையும் வேலை ஏவி நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் ஒரு கேள்வியாக, அதுவும் வேறு யாரைப் பற்றியோ கேட்பதுபோலக் கேட்பார். "பாய், அந்த மூணாம் நம்பர் ரூம் கதவு தானாச் சாத்திக்கிடுமோ?" என்றால், உடனே போய்ச் சாத்து என்று அர்த்தம். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும். "சாப்பிட்டீகளா?" என்பார். ஒரு தடவை கேட்டால் பிரியம். இரண்டாம் தடவை கேட்டால் ஏதோ கோளாறு. மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டாரென்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. ஆலையில் எந்தப் புதுச் சரக்குச் செய்தாலும், மருந்து நிறைத்தவர்தான் முதல் பீஸைத் தன் கையாலேயே கொளுத்த வேண்டும். முதலாளி பக்கத்திலேயே நிற்பார். பயப்படாமல் நிற்க வேண்டுமென்றால் ஒழுங்காக நிறைத்திருக்க வேண்டும் இல்லையா? தரக்கட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு வருஷம், முதலாளி சென்னையில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். "பாய், கப்பல்ல தீபாவளி கொண்டாடுவாகளோ?" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

விஷயம் இதுதான். கப்பலோ படகோ மூழ்கும்போது, உள்ளே இருப்பவர்கள் தூரத்தில் போகிறவர்களுக்குத் தெரியும்படி கையில் பிடித்துக் கொளுத்த ஒரு சிவப்பு வெளிச்சக் குழாய் உண்டு. எந்தக் கடற்படைக் கப்பலும் அது இல்லாமல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பாது. அதைச் செய்கிற ஒரு ஐரோப்பாக் கம்பெனி, தன் பார்முலாவைக் கொடுத்து எங்கள் ஆலையில் செய்ய வைக்கலாமா என்று யோசித்தது. வாங்கப்போவது ஒரு சின்னத் தீவு நாட்டுக் கடற்படை. நாடுகளுக்குள் கையெழுத்து ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது எங்கள் கைதான்.

மாதிரிக்கு வந்த குழாய் ஒன்றை எங்கள் பெண்கள் பார்த்தார்கள். கொளுத்திக் காட்டியதும் எல்லோர் முகமும் தொங்கிவிட்டது.

"இம்புட்டுத்தானா? பூ விரியாதா?"

"விரியாதும்மா."

"சத்தம்?"

"சத்தமும் கிடையாது. சிவப்பா ஒரு நிமிஷம் எரியும். அவ்வளவுதான்."

"எங்க ஊர் மத்தாப்பே இத விட நல்லாருக்கும்" என்று சொல்லி, அதற்குக் 'கப்பல் மத்தாப்பு' என்று பேர் வைத்துவிட்டார்கள். முதலாளிக்கும் மனசு ஆறவில்லை. "கடைசில ஒரே ஒரு பச்சப் பொறி மட்டும் வந்தா அவுக கோவிச்சுக்கிடுவாகளோ?" என்று கேட்டார். கோபித்துக்கொள்வார்கள், கடலில் பச்சைக்கு வேறு அர்த்தம் என்று சொல்லி அவரை நிறுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இந்தக் கப்பல் மத்தாப்புக்கு மருந்து நிறைக்க நான் பொறுக்கியெடுத்த ஆள் செல்லத்தாய். கை ஒரே அளவாக அழுத்தும். வாய்தான் சும்மா இருக்காது. ஆனால் அந்த வருஷம் அவள் பேச்சு குறைந்திருந்தது. காரணம் ஊருக்கே தெரியும். தீபாவளி முடிந்து மழை இறங்கிவிட்டால் எங்கள் ஊரில் வேலை படுத்துவிடும். ஈரக் காற்றில் மருந்து நமுத்துப்போகும். குடும்பம் குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டுப் பொங்கல் கழித்துத்தான் வருவார்கள். செல்லத்தாயின் மகள் அந்த வருஷம் சாத்தூரில் பன்னிரண்டாம் வகுப்பு. அவளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று செல்லத்தாயின் புருஷன் முடிவு செய்திருந்தான். போனால் அந்தப் பிள்ளை பரீட்சை எழுதப் போவதில்லை. கப்பல் மத்தாப்புக்கோ, ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் வைத்த தனி ரூம் ஒன்றை அந்தக் கம்பெனியே கட்டித் தந்திருந்தது. ஆர்டர் வந்தால் மழையிலும் வேலை உண்டு.

"பாய், உள்ளதச் சொல்லுங்க" என்று ஒருநாள் கேட்டை அடைக்கிற நேரத்தில் என்னை நிறுத்தினாள். "இந்த ஆர்டரு வருமா வராதா? வராதுன்னா இப்பமே சொல்லிருங்க. எம் மக கனாக் கண்டுக்கிட்டு இருக்கா."

"பரிசோதனை பாக்க வாராக செல்லத்தாயி. அதுல தேறிட்டா வந்துரும்."

"அப்பத் தேறணும்" என்றாள். என்னவோ நான்தான் பரீட்சை எழுதப்போகிறவன் மாதிரி என்னை முறைத்துவிட்டுப் போனாள்.

பரிசோதனை இதுதான்: குழாயைக் கொளுத்தி, எரிகிறபோதே கடல் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். அப்போதும் அணையாமல் எரிய வேண்டும். வாங்குகிறவர்களின் விதிப்படி அது நிஜக் கடல் தண்ணீராக இருக்க வேண்டும். உப்பைக் கரைத்து ஊற்றினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். குடிக்கிற தண்ணீரே லாரியில் வருகிற ஊரில் கடலுக்கு எங்கே போவது? முதலாளி அசரவில்லை. தூத்துக்குடியிலிருந்து ஒரு டேங்கர் நிறையக் கடலைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். நெருப்பு வைக்கிற வேலை என்பதால் தொட்டியை ஆலைக்குள் கட்ட முடியாது. வேலியைத் தாண்டி, ரோட்டோரத்தில் கிடந்த அவருடைய தரிசில் புதுசாகச் சிமெண்டுத் தொட்டி கட்டினோம்.

இங்கேதான் ராணுவ ரகசியம் குறுக்கே வந்தது. பரிசோதனை பற்றி வெளியே பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. முதலாளி அந்த வரியை ரொம்ப மரியாதையோடு எடுத்துக்கொண்டார். ஆனால் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஒன்றுமே சொல்லாமல் இருக்கவும் அவரால் முடியாது. அதனால் 'கடல்' என்கிற வார்த்தையை மட்டும் ரகசியமாக வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சொல்லிவிட்டார்: "நாளைக்கு மத்தியானம் லாரித் தண்ணி வருது. புதுத் தொட்டில ஊத்துறோம்."

மறுநாள் லாரி வந்தது. தொட்டியை நிரப்பிவிட்டு டிரைவர் அடுத்த லோடுக்குப் போய்விட்டார். தொட்டிக்குக் காவல் வேண்டாமா என்று நான் காலையிலேயே கேட்டிருந்தேன். "தண்ணிக்கா காவலு?" என்று முதலாளி சிரித்தார். எங்கள் ஊரில் தங்கத்துக்கு வேண்டுமானால் காவல் இல்லாமல் இருக்கலாம். வேலை விட்டு நாங்கள் வெளியே வந்து பார்த்தபோது, தொட்டியைச் சுற்றிச் சேறு, ஏகப்பட்ட காலடித் தடம், உடைந்த பிளாஸ்டிக் குடத்தின் வாய் ஒன்று. தண்ணீர் பாதிக்குக் கீழே கிடந்தது. பரிசோதனை பார்க்கும் கம்பெனி அம்மாவும் கடற்படை அதிகாரியும் மறுநாள் காலை வருகிறார்கள்.

முதலாளி தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சாப்பிட்டீகளா பாய்?" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "மத்தியானம் சாப்பிட்டீகளா?" என்றார். மூன்றாவது தடவை கேட்பதற்குள் செல்லத்தாய் சேலையை இழுத்துச் செருகிவிட்டாள்.

"வாங்க பாய். ஊர்ப் பக்கந்தான போயிருக்கும். கேட்டு வாங்கிட்டு வந்துருவோம்."

இரண்டு பேரும் வீடு வீடாகக் கடலைத் தேடிப் போனோம். ஒரு வீட்டில் பருப்பு வேகாமல் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் ஆட்டுக்கு வைத்து, அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். ஆட்டுக்குச் சீக்கு என்று வேப்பிலை பறித்து வைத்திருந்தார்கள். ஒரு பெரியவர் வாய் நிறையக் கொப்பளித்துக்கொண்டே வந்தார். "பல்லு வலிக்கு சொகமா இருக்கு. இத நான் தர மாட்டேன்" என்றார். அவர் குடத்தை மட்டும் விட்டுவிட்டோம். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியவள் ஒருத்தி, "பிள்ள தல முறுக்கு மாதிரி வெறச்சுப்போச்சு பாய், என்ன தண்ணி விட்டீக?" என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள்.

செல்லத்தாய் எல்லா வாசலிலும் ஒரே பேச்சுத்தான் பேசினாள். "எடுத்தத ஊத்திருங்க. இது நம்ம மழைக்காலத்துச் சோறு. நாளைக்கு வெள்ளக்காரம்மா வந்து பாக்கும்போது தொட்டி நெறஞ்சு கெடக்கணும்." யாரும் மறுக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பெண்கள் வரிசையாக வந்து குடத்தைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். தொட்டி தளும்பியது. நான் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புத்தான். "நம்ம சனம் தங்கம் பாய்" என்றார் முதலாளி. அப்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

காலையில் விருந்தாளிகள் வந்தார்கள். ஐரோப்பாக் கம்பெனியின் எஞ்சினியரம்மா ஒல்லியாக, உயரமாக, சிரிப்பைக்கூட அளந்து வைக்கிறவராக இருந்தார். தீவு நாட்டின் கமாண்டர் கறுத்த, அமைதியான மனிதர். எங்கள் கரிசல் மண்ணில் வெள்ளைச் சீருடையில் வந்து இறங்கியதால் எல்லோரும் அவரை மறந்துவிட்டு அவர் கால்சட்டையையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை.

செல்லத்தாய் குழாயோடு தயாராக நின்றாள். எஞ்சினியரம்மா கைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்துத் தண்ணீரில் விட்டார். துடைத்து மறுபடி விட்டார். தொட்டியின் நான்கு மூலையிலும் விட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இதில் கடலில் இருக்க வேண்டிய உப்பில் பாதிதான் இருக்கிறது. இது எந்தக் கடல்?" என்றார்.

நான் முதலாளிக்குச் சொன்னேன். அவர் கண்ணை இமைக்காமல் சொன்னார்: "எங்க பக்கத்துக் கடலு கொஞ்சம் இனிப்புத்தான்னு சொல்லுங்க பாய்."

என் ஆயுளில் நிறையப் பெயர்த்திருக்கிறேன். அதை மட்டும் பெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் செல்லத்தாய்க்கு எங்கேயோ உறைத்துவிட்டது. முகம் வெளுத்து முன்னால் வந்தாள்.

"பாய், நாந்தான். கொட்டிப்போட்டவுக, பொழங்கிப்போட்டவுகதான் முக்காவாசிப் பேரு. எடுத்தது ஒரு கொடம்னா குடுக்கிறதும் ஒரு கொடமா இருக்கணும்ல? அவுகவுக வீட்டுல குடிக்க வச்சிருந்த நல்ல தண்ணியக் கொண்டாந்து ஊத்துனாக. நீங்க தொட்டிப் பக்கம் போனப்பொறம் நாந்தான் ஊத்தச் சொன்னேன். கடல்ல மழ பெஞ்சா நல்ல தண்ணி சேரத்தான செய்யும்னு நெனச்சேன். உள்ளத அப்பிடியே சொல்லிருங்க. எம் மக மேல ஆணையா வேற ஒண்ணும் பண்ணல."

அப்படியே சொன்னேன். எஞ்சினியரம்மா கருவியைப் பையில் போட்டு மூடினார். "இதில் பரிசோதனை செய்ய முடியாது. மன்னிக்கவும்" என்றார். இரண்டு பேருக்கும் சாயங்காலம் மதுரையிலிருந்து விமானம். செல்லத்தாய் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கமாண்டர்தான் பேசினார். "இந்த ஊரில் குடிதண்ணீர் எப்படி வருகிறது?" என்றார். லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் பொறுக்க வேண்டும் என்றேன். அவர் தொட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டார். தன் ஊரிலும் நான்கு பக்கமும் கடல்தான், குடிக்க மழைத் தண்ணீர்தான், அதை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது லேசான காரியம் இல்லை என்று சொன்னார். பிறகு கேட்டார்: "கடல் எவ்வளவு தூரம்?"

"வேம்பார்க் கடக்கரதான் கிட்ட. ரெண்டு மணி நேரத்துல போயிரலாம்."

"அப்படியென்றால் போவோம்."

எஞ்சினியரம்மா கடிகாரத்தைப் பார்த்தார், விதியை யோசித்தார், கடைசியில் கடல் தண்ணீர் கடலில் இருந்தால் விதிக்கு மறுப்பில்லை என்று தலையாட்டினார். முதலாளிக்கு உயிர் வந்தது. நாலு போனில் அனுமதி எல்லாம் வாங்கிவிட்டார். வெடிபொருள் கொண்டுபோக லைசென்ஸ் உள்ள எங்கள் வேனில் குழாய்களை ஏற்றினோம். நிறைத்தவர்தான் கொளுத்த வேண்டும் என்கிற வழக்கப்படி செல்லத்தாய் காரில் வந்தாள். வழி நெடுக வாய் திறக்கவில்லை.

அவள் அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. மணலில் இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு நடந்துபோய், குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினாள். "இம்புட்டுக் கெடந்தும் ஒரு கொடத்துக்கு ஆகாதே பாய்" என்றாள். அவள் குரல் திரும்பி வந்ததே எனக்குப் பெரிசாக இருந்தது.

எஞ்சினியரம்மா தண்ணீரை அளந்து சரி என்றார். கமாண்டர் கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு கூடவே இறங்கினார். செல்லத்தாய் கொளுத்தினாள். பட்டப்பகலிலும் கண் கூசுகிற சிவப்பு. அப்படியே தண்ணீருக்குள் முக்கினாள். தண்ணீர் கொதித்துப் புகைந்தது. உள்ளே சிவப்பு அணையவில்லை. தூக்கினாள், எரிந்துகொண்டே வந்தது. கையை அசைக்காமல் அது எரிந்து முடிகிற வரைக்கும் பிடித்திருந்தாள். அடுத்ததும் அப்படியே. நான் மூச்சு விட்டேன்.

மூன்றாவது குழாயை எடுத்தபோது தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வள்ளம் எங்களை நோக்கித் திரும்பியது. பின்னாலேயே இன்னொன்று. மோட்டாரை அலறவிட்டுக்கொண்டு வந்து, கரைக்குக் கிட்டே வந்ததும் ஒருவர் வலையை விட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தார்.

"யாரு முங்குனது? எங்கன?"

யாரும் மூழ்கவில்லை, சும்மா கொளுத்திப் பார்த்தோம் என்று சொன்னேன். அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று எங்கள் ஒவ்வொருவரையும், குறிப்பாக வெள்ளைச் சீருடையை, மேலும் கீழும் பார்த்தார். "செவப்பக் கண்டா ஓடி வரணும்னு சொல்லி வளத்திருக்காக. நீங்க வெளையாடவா செய்யுதீக?" என்று தொடங்கி அவர் பேசிய மிச்சத்தை நான் கமாண்டருக்குப் பெயர்க்கவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த மனுஷர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். போய் அந்த மீனவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது பரிசோதனையில் கிடையாது" என்றார் எஞ்சினியரம்மா.

"இதற்குத்தான் பரிசோதனையே" என்றார் கமாண்டர்.

கரையில் இளநீர் குடிக்கும்போது செல்லத்தாய் என்னைச் சுரண்டினாள். "பாய், அவருகிட்ட ஒண்ணு கேளுங்க. கப்பல் முங்குனாத்தான இது செலவாகும். அப்ப வருஷா வருஷம் நமக்கு வேலை வரணும்னா யாராச்சும் முங்கிக்கிட்டே இருக்கணுமா?"

முதலாளி பதறிவிட்டார். "அதெல்லாம் எதுக்குக் கேட்டுக்கிட்டு, வேலையத் தாராகள்ல" என்றார். நான் கேட்டுவிட்டேன். எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

கமாண்டர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தே பதில் சொன்னார். ஒவ்வொரு படகிலும் இதை வைத்திருப்பார்களாம். மூன்று வருஷம் ஆனால் மருந்து பழசு என்று எடுத்து முறைப்படி அழித்துவிட்டுப் புதுசு வாங்குவார்களாம். தன் சர்வீஸில் எத்தனையோ பெட்டிகள் அப்படித் திறக்காமலே பழசாகிப் போயிருக்கின்றன. ஒரே ஒரு தடவைதான் கொளுத்த வேண்டி வந்தது. அந்த இரவைப் பற்றி அவர் பேச விரும்பவில்லை.

நான் பெயர்த்துச் சொன்னதும் செல்லத்தாய் தலையை ஆட்டிக்கொண்டாள். முதலாளிக்குத்தான் கண் விரிந்தது. "கொளுத்தாமலே காலாவதி ஆகி, மறுபடியும் வாங்குவாகளா பாய்? இத்தன வருஷமா இந்த யாவாரத்த யாரும் நமக்குச் சொல்லலையே" என்று ஊர் வந்து சேருகிற வரைக்கும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தார். வந்ததும் அவர் செய்த முதல் வேலையைச் சொல்ல வேண்டும். அந்த வாரம் ஊருக்கு இரண்டு லாரி நல்ல தண்ணீர் விட்டார். அதையும் என்னிடம் ஒரு கேள்வியாகத்தான் கேட்டார்.

தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் வந்துவிட்டது. பெரிய ஆர்டர் ஒன்றும் இல்லை. புது ரூமில் வேலை பார்க்கிறவர்கள் மழைக்காலம் முழுக்க ஊரில் இருந்து சாப்பிடப் போதுமானது. தீபாவளி கழிந்து திருப்பூருக்கு ஆள் ஏற்றுகிற வேன் வழக்கம்போல வந்து ஊர் நடுவில் ஹாரன் அடித்தது. செல்லத்தாயின் புருஷன் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனானாம். "நீங்க போயிட்டு வாங்க. நானும் பிள்ளையும் வரல, எனக்குக் கப்பல் வேலை இருக்கு" என்றாளாம். அவன் பையைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டான்.

முதல் லோடு கிளம்பிய காலை நல்ல மழை. பட்டாசு ரூம்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பெட்டிகளைத் தார்ப்பாயால் மூடி வேனில் ஏற்றிவிட்டு, கேட்டுக்கு வெளியே கொட்டகையில் அம்மன் படத்துக்கு முன்னால் எல்லோரும் நின்றோம். ஒவ்வொரு லோடுக்கும் முதலாளி சத்தமாக வேண்டிக்கொள்வது எங்கள் ஆலை வழக்கம். அன்றைக்கும் கையைக் கூப்பிக்கொண்டு ஆரம்பித்தார்: "தாயி, போற சரக்கு ஒண்ணு விடாம நல்லா எரியணும், ஒண்ணு கூட நமுத்து..." அதற்கு மேல் போகவில்லை. என்னைப் பார்த்தார்.

செல்லத்தாய்தான் முடித்தாள். "ஒண்ணு கூட எரிஞ்சிரக் கூடாது தாயி. யாரும் கொளுத்துற நெலம வரக் கூடாது. அம்புட்டும் பெட்டிலேயே பழசாகி வீணாப் போகட்டும். நாங்க மறுபடி செஞ்சு குடுக்கோம்."

அவள் மகள் அந்நேரம் சாத்தூரில் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் எல்லோருக்கும் கேட்கும்படி ஆமீன் சொன்னேன்.